இரண்டாம் இடமும் ஓர் இடமே!

(பிரெஞ்சு ஓட்டுநர் எஸ்தபான் ஓகோனின் இளநிலைப் பந்தயப் பயணம்)

- இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



கார்ப் பந்தயம் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது பார்முலா 1 தான். டி.வி.யில் சீறிப் பாயும் கார்கள், கோப்பையை உயர்த்திப் பிடிக்கும் வீரர்கள், தெறிக்கும் ஷாம்பெயின். ஆனால் அந்த ஓட்டுநர்கள் அங்கே வந்து சேருவதற்கு முன்னால் எத்தனை படிக்கட்டு ஏற வேண்டியிருக்கிறது, எத்தனை பேர் பாதியிலேயே இறங்கிப் போகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் படிக்கட்டைப் பற்றி, அதில் ஏறிய ஒரு மெக்கானிக்கின் மகனை வைத்து எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். நம் பாடப்புத்தகத்தில் வரும் சில விஷயங்களும் இதில் வரும். மற்றத் துறைத் தோழர்கள் "இது ஆட்டோமொபைல்காரன் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எல்லோருக்குமான கணக்கு ஒன்று பின்னால் இருக்கிறது!

படிக்கட்டு எப்படிப்பட்டது?

ஒரே ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, மேல்மூடி இல்லாத, சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார்களை ஒற்றை இருக்கைக் கார்கள் என்கிறோம். பார்முலா 1 இந்த இனத்தின் உச்சி. அதற்குக் கீழே இளைஞர்களுக்கான போட்டிகள் படிப்படியாக இருக்கின்றன. நமக்கு எஸ்.எஸ்.எல்.சி., டிப்ளமோ, பி.இ. என்று இருப்பதுபோலத்தான். முதலில் சின்னப் பிள்ளைகள் ஓட்டும் கார்ட் வண்டி. பிறகு 15, 16 வயதில் பார்முலா 4; முன்பு பார்முலா ரெனோவும் இருந்தது. அதன்பின் பார்முலா 3. அதற்கும் மேலே பார்முலா 2. பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறும். படிகள் அப்படியேதான் இருக்கும்.

இந்தப் படிக்கட்டை ஒழுங்காகக் கட்டிய நாடுகளில் பிரான்சு முக்கியமானது. எல்ஃப் என்ற பிரெஞ்சு எண்ணெய் நிறுவனம், பந்தயப் பள்ளிகளில் பயிலும் இளைஞர்களுக்குப் போட்டி வைத்து, ஜெயித்தவருக்கு அடுத்த ஆண்டு ஓட்டுவதற்கான செலவை ஏற்றது. 1975-ல் அப்படி ஜெயித்தவர்தான் அலென் புரோஸ்ட். அடுத்த ஆண்டு பிரெஞ்சு பார்முலா ரெனோவில் 13 பந்தயங்களில் 12-ஐ வென்றார். 1979-ல் ஐரோப்பிய பார்முலா 3 சாம்பியன். 1980-ல் பார்முலா 1. அதன்பின் நான்கு முறை உலகச் சாம்பியன். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்கூட 1992-ல் பிரான்சின் வின்பீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போய்ப் பயின்றவர்தான். பரிசாக ஒரு ஆண்டுக்கான இருக்கை கிடைப்பது, கையில் காசில்லாத திறமைசாலிக்கு ஸ்காலர்ஷிப் கிடைப்பது மாதிரி.

ஆனால் எல்லோருக்கும் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிடுமா என்ன?

வீட்டை விற்ற குடும்பம்

எஸ்தபான் ஓகோன் 1996 செப்டம்பர் 17-ம் தேதி நார்மண்டிப் பகுதியில் உள்ள எவ்ரோ நகரத்தில் பிறந்தார். அப்பா கார் மெக்கானிக். சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவர். பிள்ளை சின்ன வயசிலேயே கார்ட் ஓட்ட ஆரம்பித்தான். நன்றாகவும் ஓட்டினான். கார்ட் பந்தயம் பார்க்க விளையாட்டு மாதிரி இருக்குமே தவிர, செலவு விளையாட்டல்ல. டயர், என்ஜின், பெட்ரோல், ஊர் ஊராகப் போகிற செலவு என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் அந்தக் குடும்பம் வீட்டையும் பட்டறையையும் விற்றது. ஒரு கேரவான் வண்டியை வாங்கி அதிலேயே குடியிருந்து, பந்தயத்துக்குப் பந்தயம் அதிலேயே பயணம் செய்தார்கள். கார்ட்டைத் தயார் செய்யும் வேலையை அப்பாவே பார்த்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நெஞ்சில் பட்டது. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரிப் பட்டறையில் டிங்கர் வேலை பார்க்கிறார். முதலாண்டு பீஸ் கட்ட அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. இது என் கதை மட்டுமல்ல, நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுக் கதை. பெற்றவர்கள் நம்மேல் வைக்கிற பணம் எப்படிப்பட்ட பணம் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் ஓகோன் ஓட்டிய ஒவ்வொரு பந்தயத்தையும் நான் ஒரு பரீட்சையாகப் பார்க்கிறேன்.

கார்ட் வண்டி சொல்லும் பாடம்

கார்ட் வண்டியில் சஸ்பென்ஷன் கிடையாது. டிபரென்ஷியலும் கிடையாது. "அப்படியென்றால் வளைவில் எப்படித் திரும்பும்?" என்று மூன்றாம் செமஸ்டர் படித்த எவரும் கேட்பார்கள். நல்ல கேள்வி!

வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் காரில் டிபரென்ஷியல். கார்ட்டில் பின்சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஆகவே வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுக் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வண்டி திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கும். இதற்கு உதவி செய்வது முன்சக்கரத்தின் கேஸ்டர் கோணமும் கிங்பின் சாய்வும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்துகிறது, வெளிப்பக்கச் சக்கரம் மேலே ஏறுகிறது. அதனால் எடை மூலைக்கு மூலை மாறி உள்பக்கப் பின்சக்கரம் எழும்புகிறது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சட்டமே வளைந்து கொடுக்கிறது. ஒரு சாதாரணக் குழாய்ச் சட்டத்துக்குள் இவ்வளவு சூட்சுமம்!

பத்து வயதுப் பையன் இந்தச் சூத்திரமெல்லாம் படிப்பதில்லை. அவன் இடுப்பாலும் உள்ளங்கையாலும் உணர்கிறான். ஆனால் பக்கத்தில் நின்று டயர் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிற அப்பாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் ஸ்பானர் பிடித்த கை அங்கேதான் உதவியது என்று நினைக்கிறேன்.

2011-ல் டபிள்யூ.எஸ்.கே. யூரோ தொடரின் கே.எஃப்.3 பிரிவில் ஓகோன் இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம் யாருக்குத் தெரியுமா? மாக்ஸ் வெர்ஸ்டாப்பன்! இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் லோட்டஸ் அணியோடு தொடர்புடைய கிராவிட்டி என்ற நிர்வாக நிறுவனம் ஓகோனைக் கைதூக்கிவிட்டது. அப்படி ஒரு கை கிடைத்திராவிட்டால் அடுத்த படியில் கால் வைப்பதே கஷ்டம்.

பார்முலா ரெனோ: 14-ம் இடத்திலிருந்து 3-ம் இடம்

2012-ல் ஓகோன் பார்முலா ரெனோ 2.0 ஐரோப்பியக் கோப்பையில் இறங்கினார். 2 லிட்டர் ரெனோ என்ஜின், முன்னும் பின்னும் இறக்கை வைத்த கார். கார்ட்டில் கற்றதில் பாதியை இங்கே மறக்க வேண்டும். காரணம், இறக்கை.

விமானத்தின் இறக்கையைத் தலைகீழாக மாட்டினால் என்ன ஆகும்? மேலே தூக்குவதற்குப் பதில் கீழே அழுத்தும். அழுத்தம் கூடினால் டயரின் பிடிப்பு கூடும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே வேகமான வளைவில் பயந்து மெதுவாகப் போனால் பிடிப்புக் குறையும். துணிந்து போனால் பிடிப்புக் கூடும்! கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நமது திரவ இயக்கவியல் பாடத்தில் உள்ளதுதான். இன்னொரு சங்கடமும் உண்டு. முன்னால் ஒரு கார் போனால் அதன் பின்னால் காற்று கலங்கிப் போயிருக்கும். கலங்கிய காற்றில் நம் முன்னிறக்கை சரியாக வேலை செய்யாது, வண்டி வளைவில் வெளியே தள்ளும். அதனால் முந்துவது கடினம். தகுதிச் சுற்றில் முன்வரிசை பிடிப்பதே பாதி வெற்றி.

முதல் ஆண்டு ஓகோனுக்குக் கிடைத்தது 14-ம் இடம். வீட்டை விற்றுவிட்டு வந்த குடும்பத்துக்கு அந்த எண் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! 2013-ல் ஏ.ஆர்.டி. ஜூனியர் அணிக்கு மாறினார். மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தார். அந்த ஆண்டு சாம்பியன் பியர் காஸ்லி. இவரும் நார்மண்டிக்காரர்தான், சிறுவயதில் ஓகோனோடு கார்ட் ஓட்டியவர்.

பார்முலா 3: வென்றவன் காத்திருந்தான்

2014-ம் ஆண்டு ஐரோப்பிய பார்முலா 3. 11 ஊர்கள், ஊருக்கு மூன்று வீதம் 33 பந்தயங்கள். இத்தாலி நாட்டுப் பிரேமா அணியின் காரில், மெர்சிடிஸ் என்ஜினோடு ஓகோன் இறங்கினார். வோக்ஸ்வாகன் என்ஜினோடு எதிரே வந்தவர் நம் பழைய வெர்ஸ்டாப்பன். முந்தைய ஆண்டு வரை கார்ட் ஓட்டியவர், வயது 16.

அன்றைய பார்முலா 3 என்ஜினில் ஒரு வேடிக்கை இருந்தது. நான்கு சிலிண்டர், 2 லிட்டர். ஆனால் அது மூச்சு விடுவதற்கு ஒரே ஒரு சிறிய துவாரம்தான். பல ஆண்டுகள் அதன் விட்டம் 26 மில்லிமீட்டர். அதற்கு ரெஸ்ட்ரிக்டர் என்று பெயர். அந்தத் துவாரத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் என்ஜின் எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் காற்று வராது. காற்று இல்லாமல் எரிபொருள் எரியாது. எரியாமல் சக்தி ஏது? யார் எவ்வளவு பணம் கொட்டினாலும் குதிரைத்திறன் ஒரு வரம்புக்குமேல் போகாமல் விதி இப்படிப் பூட்டுப் போட்டு வைத்திருந்தது. சக்தி எல்லோருக்கும் ஏறக்குறைய சமம் என்றால், வளைவில் வேகத்தை விடாமல் காப்பாற்றுகிறவனே முன்னால் போவான். இதனால்தான் பார்முலா 3-ஐ ஓட்டுநரின் உண்மையான பரீட்சை என்று சொல்வார்கள்.

வெர்ஸ்டாப்பன் ஸ்பா, நாரிஸ்ரிங் ஆகிய இரண்டு ஊர்களில் தொடர்ந்து ஆறு பந்தயங்களை அள்ளினார். ஆண்டு முடிவில் அவருக்கு 10 வெற்றிகள், ஓகோனுக்கு 9. ஆனால் சாம்பியன் ஓகோன்! 33 பந்தயங்களில் 21 முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருந்தார். 478 புள்ளிகள். இரண்டாம் இடம் டாம் புளோம்க்விஸ்ட், 420. வெர்ஸ்டாப்பன் 411 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். அக்டோபரில் இமோலாவிலேயே, இன்னும் ஓர் ஊர் பாக்கி இருக்கும்போதே, பட்டம் உறுதியாகிவிட்டது.

அடுத்து என்ன நடந்தது என்பதுதான் மனதை உறுத்தும் விஷயம். மூன்றாம் இடம் வந்த வெர்ஸ்டாப்பன் 2015-ல் நேராகப் பார்முலா 1-க்குப் போனார். 17 வயதில் முதல் பந்தயம். முதலிடம் வந்த ஓகோனுக்கு அபுதாபியில் ஒரு பயிற்சிச் சுற்றில் லோட்டஸ் காரை ஓட்டும் வாய்ப்பு மட்டுமே கிடைத்தது. வெர்ஸ்டாப்பன் திறமையில் குறைந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு உலகச் சாம்பியனாகி அவர் அதை நிரூபித்துவிட்டார். ஆனால் அவருடைய அப்பாவே முன்னாள் பார்முலா 1 ஓட்டுநர். ரெட் புல் போன்ற பெரிய நிறுவனம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓகோனுக்குப் பின்னாலிருந்த லோட்டஸ் அணியோ அப்போது பணக் கஷ்டத்தில் இருந்தது. ராங்க் வாங்கியவன் வேலைக்குக் காத்திருப்பதும், அவனுக்கு அடுத்த ராங்க்காரன் சீக்கிரம் சேர்ந்துவிடுவதும் நாம் பார்க்காததா?

ஜி.பி.3: எல்லோருக்குமான கணக்கு

ஓகோன் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 2015-ல் ஜி.பி.3 என்ற இன்னொரு இளநிலைத் தொடரில் சேர்ந்தார். பார்முலா 1 பந்தயம் நடக்கும் அதே வார இறுதியில், அதே தடத்தில் நடந்தது. எல்லோருக்கும் ஒரே டல்லாரா கார், ஒரே 400 குதிரைத்திறன் வி6 என்ஜின், ஒரே பிரெல்லி டயர். சாக்குச் சொல்ல இடமில்லை. மெர்சிடிஸ் நிறுவனமும் அந்த ஆண்டு அவரைத் தன் நிழலில் சேர்த்துக்கொண்டது.

பார்சிலோனாவில் நடந்த முதல் பந்தயத்திலேயே வெற்றி. அதோடு சரி! அந்த ஆண்டு முழுவதும் அவருக்கு வேறு வெற்றியே இல்லை. எதிரியான இத்தாலியர் லூகா கியோட்டோ 5 பந்தயங்களை வென்றார். ஆனாலும் சாம்பியன் யார்? ஓகோன்! 253 புள்ளிகளுக்கு 245. வித்தியாசம் வெறும் 8. எப்படி?

கணக்கைப் பாருங்கள். அப்போது ஜி.பி.3-ல் வாரத்துக்கு இரண்டு பந்தயம். முதல் பந்தயத்தில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. முதல் பந்தயத்தில் முதல் எட்டு இடம் வந்தவர்கள் இரண்டாவது பந்தயத்தில் தலைகீழ் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அதாவது ஜெயித்தவர் எட்டாவதாக நின்றார்! இரண்டாவது பந்தயத்தில் முதலிடத்துக்கு 15, இரண்டாம் இடத்துக்கு 12.

'அ' என்ற ஓட்டுநர் முதல் பந்தயத்தை வென்று, இரண்டாவதில் மோதிக்கொண்டு வெளியேறுகிறார் என்று வைப்போம். 25 + 0 = 25. 'ஆ' என்பவர் இரண்டிலும் இரண்டாம் இடம். 18 + 12 = 30. கைதட்டல் 'அ'வுக்கு, புள்ளி 'ஆ'வுக்கு. நான்கு வாரம் இப்படியே போனால் 100-க்கு 120. ஓகோன் செய்தது இந்த 'ஆ' வேலைதான். 18 பந்தயங்களில் 14 முறை முதல் மூன்றுக்குள் வந்தார். பெரும்பாலும் இரண்டாம் இடம். சில நாள் கார் ஜெயிக்கிற அளவுக்கு இருக்காது. அன்றைக்கு இருக்கிறதைக் கெடுக்காமல் வீட்டுக்குக் கொண்டு வருவதும் திறமையே.

நம் பரீட்சைக்கும் இது பொருந்தும். ஒரு பேப்பரில் 95 வாங்கி இரண்டு பேப்பரில் அரியர் வைப்பவனைவிட, எல்லாவற்றிலும் 65 வாங்குகிறவன் கையில்தான் மூன்றாவது வருடம் டிப்ளமோ இருக்கும்.

படிக்கட்டின் மேலே

2016-ல் ஓகோன் ஜெர்மனியின் டி.டி.எம். போட்டியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பாதியில் மேனர் அணியில் ஒரு இருக்கை காலியானது. பெல்ஜியத்தில் பார்முலா 1-ல் கால் வைத்தார். அடுத்த ஆண்டு நம் நாட்டின் பெயரைத் தாங்கியிருந்த போர்ஸ் இந்தியா அணி. இங்கேயும் பழைய குணம் போகவில்லை. முதல் பந்தயம் தொடங்கித் தொடர்ந்து 27 பந்தயங்களை முடித்துக் காட்டினார். 2017 நவம்பரில் பிரேசிலில்தான் முதல்முறையாகப் பாதியில் நின்றார்.

2018-ல் போர்ஸ் இந்தியா திவாலாகிக் கைமாறியது. 2019-ல் ஓகோனுக்கு இருக்கை இல்லை; மெர்சிடிஸில் மாற்று ஓட்டுநராக ஓராண்டு ஓரமாக நின்றார். 2020-ல் ரெனோ அணியில் திரும்பி வந்தார். அந்த அணி ஆல்பின் என்று பெயர் மாறிய பிறகு, 2021 ஆகஸ்ட் 1-ம் தேதி ஹங்கேரியில் தன் முதல் பார்முலா 1 வெற்றியைப் பெற்றார். வீடு விற்ற அந்தக் குடும்பத்தின் பெயர் அன்று பதிவேட்டில் ஏறியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இதைப் படித்துவிட்டு "நாமும் வீட்டை விற்றால் ஜெயிக்கலாம்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓகோன் கதை நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவர் மேலே போய்விட்டார். அதே மாதிரி வீடு வாசல் விற்றுப் பாதியில் நின்றுபோன குடும்பங்களின் கதையை யார் எழுதுவார்கள்? பார்முலா 3 மாதிரித் தொடரில் ஓராண்டு ஓட்டப் பல லட்சம் யூரோ வேண்டும். திறமை இருந்தும் பணம் முடிந்துபோன பிள்ளைகள் எத்தனையோ பேர். உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. ஓகோன் வயதையொத்த இன்னொரு பிரெஞ்சு இளைஞர் அந்துவான் ஹூபேர், 2018-ன் ஜி.பி.3 சாம்பியன். 2019 ஆகஸ்ட் 31-ம் தேதி ஸ்பாவில் பார்முலா 2 பந்தயத்தில் நடந்த விபத்தில் 22 வயதில் இறந்துபோனார். இந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் படிக்கட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்னொன்று. பாதியில் இறங்கியவர்கள் எல்லோரும் வீணாகிவிடவில்லை. 2014-ல் ஓகோனுக்குப் பின்னால் இரண்டாம் இடம் வந்த புளோம்க்விஸ்ட் பார்முலா 1 போகவே இல்லை. வேறு பாதையில் போய் 2022, 2023 என இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணிகளில் இருந்தார். ஒரு கதவு மூடினால் பட்டறையையே பூட்டிவிட வேண்டியதில்லை.

நமக்கு ஓட்டுநர் இருக்கை கிடைப்பது அபூர்வம்தான். ஆனால் ஒரு காரைத் தடத்தில் இறக்க எத்தனை கைகள் வேண்டும்! சஸ்பென்ஷன் கோணம் வைப்பவர், கியர் விகிதம் கணக்கிடுபவர், என்ஜின் பிரித்துப் பூட்டுபவர், சென்சார் தரும் எண்களைப் படித்து "மூன்றாவது வளைவில் பிரேக்கைச் சீக்கிரம் விடு" என்று சொல்பவர். எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. நம் மாநிலத்திலேயே கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னையை அடுத்து இருங்காட்டுக்கோட்டை என்று பந்தயத் தடங்கள் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை போய், கார் ஓடுவதை மட்டும் பார்க்காமல் பின்னால் பெட்டியைத் திறந்து வேலை செய்கிறவர்களையும் பாருங்கள். அவர்கள் கையில் இருப்பது நாம் ஒர்க்ஷாப்பில் தினமும் பிடிக்கிற அதே ஸ்பானர்தான்.

வரும் செமஸ்டரில் எல்லோரும் முதலிடம் வர முடியாது, தோழர்களே. ஆனால் எந்தப் பேப்பரையும் பாதியில் நிறுத்தாமல் 27 பந்தயம் முடித்தவர்போல முடித்துக் காட்டலாம். முடித்தவனுக்குத்தான் அடுத்த பந்தயத்தில் வரிசையில் இடம் உண்டு. அனைவருக்கும் என் வாழ்த்துக்கள்!